திருடிய சிறுவன் 10 ஆயிரம் பிள்ளைகளுக்குத் தந்தை ஆனான்!

ஜெர்மனியில் முன்பு பிரஷ்யா என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே குரொப்பன்ஸ்டெட் என்பது ஒரு சிற்றூர். 1805-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி அந்த ஊரில் ஜார்ஜ் முல்லர் பிறந்தான்.

தகப்பனார் வரி வசூல் அதிகாரி. அதனால் வீட்டில் சர்க்கார் பணம் இருக்கும். பையனின் கை அதில் பட்டுவிட்டது. பத்து வயது ஆகும் முன்பே அவன் திருடத் தொடங்கிவிட்டான்.

தகப்பனாருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் காசை எண்ணி, பையன் இருந்த அறையில் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து எண்ணினார். குறைந்தது. பையனைச் சோதனை போட்டார். காசு பூட்ஸுக்குள், பாதத்துக்கு அடியில் இருந்தது!

அடி விழுந்தது. ஆனால் புத்தி வரவில்லை. இனி அகப்படாமல் திருடுவது எப்படி என்றுதான் பையன் யோசித்தான்.

அவனுக்கு 14 வயதானபோது தாயார் இறந்தார். தாயார் சாகக் கிடந்த இரவில், அது தெரியாமல் அவன் சீட்டாடிக் கொண்டிருந்தான். 16 வயதில் ஓட்டல்களில் தங்கி, தின்று, பணம் கொடுக்காமல் நழுவினான். போலீசார் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சிறைவாசம். தகப்பனார் கடனை அடைத்து மீட்டுக் கொண்டு வந்தார்.

இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் தகப்பனார் பாதிரியார் ஆக்க விரும்பினார்! பக்தியினால் அல்ல. பாதிரியார் வேலையில் நல்ல வருமானம் உண்டு. தாமும் கடைசிக் காலத்தில் மகனோடு சுகமாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்.

பைபிள் இல்லாத படிப்பு

1825-ல் முல்லர் ஹாலே பல்கலைக் கழகத்தில் சேர்ந்தான். படித்தது சமய சாஸ்திரம். அவனிடம் சுமார் 300 புத்தகங்கள் இருந்தன. அவற்றில் ஒரு பைபிள்கூட இல்லை!

அந்த ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. வியாபாரி ஒருவர் வீட்டில் சிலர் கூடிப் பிரார்த்தனை செய்வதாக நண்பன் சொன்னான். வேடிக்கை பார்க்கிறவனைப் போல முல்லரும் போனான். அங்கே ஒருவர் முழங்கால் படியிட்டு ஜெபம் செய்தார். ஜெபத்துக்காக ஒரு மனிதன் முழங்காலில் நிற்பதை முல்லர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பல்கலைக் கழகம் செய்யாததை அந்தச் சிறிய காட்சி செய்தது. அன்று முதல் அவர் வேறு மனிதர்.

மிஷனரி ஆகப் போவதாக வீட்டுக்கு எழுதினார். தகப்பனாருக்குக் கோபம் தாங்கவில்லை. அவருடைய விருப்பத்தை மீறிய பின் அவருடைய பணத்தைத் தொடுவது நியாயம் இல்லை என்று முல்லர் முடிவு செய்தார். அப்பா பாக்கெட்டில் கைவிட்ட அதே பிள்ளை! கொஞ்ச நாளில், ஹாலேக்கு வந்த அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலருக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. செலவுக்குப் பணம் வந்தது.

ஹாலே நகரம் தமிழர்களுக்கு அந்நியமானது அல்ல. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பிறகு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர்தான். அங்கே பிராங்கே என்ற பெரியவர் நிறுவிய அனாதை இல்லம் இருந்தது. ஏழை மாணவர்களுக்கு அங்கே இலவசமாக இடம் உண்டு. முல்லரும் இரண்டு மாதம் தங்கினார். பிராங்கே இறந்து அப்போது நூறு ஆண்டு ஆகப் போகிறது. இல்லம் மட்டும் நிற்கவில்லை. இந்த மாணவர் மனதில் அது விதையாகவும் விழுந்தது.

சம்பளம் வேண்டாம்

1829-ல் முல்லர் லண்டன் போனார். மறு ஆண்டு டெய்ன்மவுத் என்ற கடற்கரை ஊரில் ஒரு சிறிய சபைக்குப் போதகர் ஆனார். மேரி குரோவ்ஸ் என்ற பெண்ணை மணந்தார்.

போதகருக்கு ஆண்டுக்கு 55 பவுன் சம்பளம். கோயில் இருக்கைகளுக்கு வாடகை வாங்கி அதைக் கொடுத்தார்கள். பணக்காரர் நல்ல இடத்தில் உட்காருவார். ஏழைக்கு மூலை. முல்லருக்கு அது பிடிக்கவில்லை. சம்பளமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோயிலில் ஒரு பெட்டி வைத்தார்கள். விரும்பியவர்கள் அதில் போடலாம். தேவையை மனிதரிடம் சொல்வதில்லை, கடவுளிடம் மட்டுமே சொல்வது என்று புருஷனும் மனைவியும் தீர்மானித்தார்கள். கலியாணம் ஆன புதிதில் இப்படி ஒரு முடிவுக்குச் சம்மதித்த அந்த அம்மாளைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

1832-ல் நண்பர் ஹென்றி கிரெய்க்கோடு பிரிஸ்டல் துறைமுக நகருக்கு வந்தார். அந்த ஆண்டு அங்கே காலராக் கொள்ளைநோய். பிழைத்தவர்களில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள்.

அனாதை இல்லம் தொடங்க முல்லருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி தினமும் 14 மணி, 16 மணி நேரம் உழைத்தார். உடம்பு கெட்டது. கொஞ்சம் குறைத்துக் கொண்டு கடவுளை நினைக்க நேரம் ஒதுக்கக் கூடாதா என்று முல்லர் கேட்டார். குறைத்தால் குடும்பம் பட்டினி கிடக்கும் என்றார் அவர். இப்படிப்பட்டவர்களிடம் பிரசங்கம் செய்து பயன் இல்லை, கண்ணால் பார்க்கும்படி ஒன்றைக் காட்ட வேண்டும் என்று முல்லர் நினைத்தார். கையில் காசு இல்லாத ஒருவன், யாரிடமும் கேட்காமல், ஜெபத்தினால் மட்டும் நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டால் ஜனங்கள் நம்புவார்கள் அல்லவா?

பணத்துக்காக ஜெபித்தார். வந்தது. வீட்டுக்காக ஜெபித்தார். கிடைத்தது. 1836 பிப்ரவரியில், பிள்ளைகளைச் சேர்க்க விரும்புகிறவர்கள் வரலாம் என்று அறிவித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை! வீடு திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லாவற்றுக்கும் ஜெபித்தவர், பிள்ளைகள் வர வேண்டும் என்று ஜெபிக்க மறந்துவிட்டார். அன்று இரவு அதையும் கேட்டார். மறுநாள் முதல் மனு வந்தது.

ஏப்ரல் 11-ந் தேதி வில்சன் தெருவில் சிறுமிகளோடு முதல் இல்லம் திறந்தது.

அடுத்த வீட்டில் இருந்த பணம்

கஷ்டம் இல்லாமல் இல்லை. 1838 செப்டம்பர் 18-ந் தேதி இல்லத்தில் அன்றைய சாப்பாடு மட்டுமே இருந்தது. கையில் பணம் இல்லை. எதை விற்கலாம் என்று பேசும் நிலை. அன்று பிற்பகல் ஒரு அம்மாள் வந்து 3 பவுனுக்கு மேல் கொடுத்தார். லண்டனிலிருந்து மகள் கொடுத்தனுப்பிய பணம். விசாரித்தால், அந்த அம்மாள் சில நாட்களாக இல்லத்துக்கு அடுத்த வீட்டில்தான் தங்கியிருந்தார்! பணம் சுவருக்கு அப்பால் இருந்திருக்கிறது. தனியாக இருந்த முதல் கணத்திலேயே முல்லர் உரத்த குரலில் கடவுளைத் துதித்தார்.

அவர் ஆண்டு அறிக்கை அச்சிட்டாரே, அதுவே மறைமுகமாகக் கேட்பது ஆகாதா என்று சிலர் குறை சொன்னார்கள். நியாயமான கேள்விதான். 1841 டிசம்பரில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. அறிக்கை வெளியிட வேண்டிய நேரம். இல்லத்திலோ காசு இல்லை. இப்போது வெளியிட்டால் கையேந்துவதாக ஆகும் என்று முல்லர் அறிக்கையைத் தள்ளி வைத்தார். அடுத்த மாதங்கள் மிகவும் நெருக்கடியாக இருந்தன. இருந்தும் பிள்ளைகள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. ஒரு பென்னி கடனும் வாங்கவில்லை.

அதே 1841-ல் அவர் தமக்குள் ஒரு மாற்றம் செய்தார். வெளியே யாருக்கும் தெரியாத மாற்றம். ஆனால் அவர் வாழ்க்கையின் முக்கியமான விஷயம் அதுதான். அதுவரை காலையில் எழுந்ததும் நேரே ஜெபத்தில் இறங்குவார். மனம் எங்கெங்கோ ஓடும். அரை மணி, சில சமயம் ஒரு மணி நேரம் வீணாகும். இனி முதலில் பைபிளைத் திறப்பது என்று வைத்துக் கொண்டார். ஒரு வசனத்தைப் படிப்பார். நின்று யோசிப்பார். அதில் தமக்கு என்ன இருக்கிறது என்று தேடுவார். கொஞ்ச நேரத்தில் ஜெபம் தானாக வந்துவிடும். உடம்புக்குக் காலைச் சாப்பாடு எப்படியோ, மனதுக்கு அப்படி.

அங்கொன்றும் இங்கொன்றும் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பழைய ஏற்பாட்டில் ஒரு பகுதி, புதிய ஏற்பாட்டில் ஒரு பகுதி என்று வரிசையாகப் படிப்பார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இப்படி வாழ்நாளில் ஏறக்குறைய 200 தடவை முழு பைபிளையும் படித்தார். ஹாலேயில் ஒரு பைபிள்கூட வைத்திராத அதே மாணவர்!

காற்று திரும்பியது

1845-ல் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கடிதம் எழுதினார். பிள்ளைகளின் சத்தம் தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தொல்லையாக இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார். முல்லர் சண்டைக்குப் போகவில்லை. அவர் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டு, ஊருக்கு வெளியே சொந்தக் கட்டடம் கட்டத் தீர்மானித்தார்.

ஆஷ்லி டவுன் மேட்டில் நிலம் இருந்தது. ஏக்கருக்கு 200 பவுன் விலை. முல்லர் மாலையில் நிலச் சொந்தக்காரரைத் தேடிப் போனார். இரண்டு இடத்திலும் அவர் இல்லை. மறுநாள் காலை பார்த்தபோது அந்த மனிதர் ஓர் அதிசயம் சொன்னார். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்ததாம். 5 மணி வரை தூக்கமே இல்லையாம். அனாதை இல்லத்துக்கு நிலம் கேட்டால் 120 பவுனுக்கே கொடுப்பது என்று முடிவு செய்தாராம்! 1849-ல் 300 பிள்ளைகளுக்கு இடம் உள்ள இல்லம் அங்கே திறந்தது.

1857 நவம்பரில் அந்தக் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் ஒழுகியது. ரிப்பேர் செய்ய நெருப்பை அணைக்க வேண்டும். நாள் குறித்தாகிவிட்டது. அப்போது பார்த்து எலும்பை உறைய வைக்கும் வாடைக்காற்று வீசத் தொடங்கியது. சின்னஞ்சிறு பிள்ளைகள் குளிரில் என்ன ஆவார்கள்? முல்லர் இரண்டு காரியங்களுக்காக ஜெபித்தார். வாடை மாறித் தென்காற்று வீச வேண்டும். வேலையாட்கள் மனம் வைத்து வேலை செய்ய வேண்டும். குறித்த நாளில் தென்காற்று வீசியது! அன்று மாலை வேலையாட்களை இரவு வெகுநேரம் வரை வேலை செய்யச் சொல்லலாம் என்றார் மேலாளர். இரவு முழுவதுமே செய்கிறோம் என்றார்கள் வேலையாட்கள். காற்று தற்செயலாகத் திரும்பியிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். முல்லர் குளிர் வந்த பிறகு கவலைப்பட்டு உட்காரவில்லை, கொதிகலன்காரரை அழைத்துவிட்டுத்தான் ஜெபித்தார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

1870-க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. 2,050 பிள்ளைகளுக்கு இடம். சிறுவர்களுக்குத் தொழில் ஏற்பாடு. சிறுமிகளுக்கு வீட்டு வேலைப் பயிற்சி. வெளியே போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் துணிமணியும் ஒரு பைபிளும்.

அந்த 1870-லேயே மேரி அம்மாள் காலமானார். முல்லரே இறுதிப் பிரசங்கம் செய்தார். அவர்களுடைய ஒரே மகன் குழந்தையாக இருக்கும்போதே, 1835-ல் இறந்திருந்தான். மகள் லிடியா 1890-ல் இறந்த செய்தி, அவர் இந்தியாவில் பிரசங்கம் செய்து கொண்டிருந்தபோது ஜபல்பூரில் கிடைத்தது. கேட்டதெல்லாம் கிடைத்த வாழ்க்கை என்று அதைச் சொல்ல முடியாது. இழந்த பிறகும் காலையில் பைபிளைத் திறந்தார்.

70 வயதை நெருங்கும்போது தொடங்கி 17 ஆண்டுகள் கப்பலிலும் ரயிலிலும் 42 நாடுகளுக்குப் போய் வந்தார்.

1898 மார்ச் 9-ந் தேதி மாலை ஜெபக் கூட்டம் நடத்தினார். மறுநாள் காலை தேநீர் கொண்டு போனவர், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இறந்து கிடப்பதைக் கண்டார். வயது 92. சவ ஊர்வலத்தைப் பார்க்கப் பிரிஸ்டல் நகரமே தெருவில் நின்றது. அவர் காலத்தில் அந்த இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் 10,024 பேர்.

அவருடைய சொத்தைக் கணக்கிட்டார்கள். 170 பவுன்கூடத் தேறவில்லை. அதிலும் பெரும்பகுதி புத்தகங்கள், வீட்டுச் சாமான்களின் விலை.

இல்லத்தின் ஆண்டு அறிக்கைகளில் பேர் சொல்லாத ஒரு நன்கொடையாளர் பல ஆண்டுகளாக வந்து கொண்டிருந்தார். ஆண்டவரின் ஊழியர் ஒருவர் என்று மட்டும் போட்டிருக்கும். அந்தத் தொகைகளைக் கூட்டிப் பார்த்தபோது 81 ஆயிரம் பவுனைத் தாண்டியது. சொந்தச் செலவுக்கு என்று ஜனங்கள் முல்லருக்குக் கொடுத்த பணத்தை எல்லாம் கொடுத்துவிட்ட அந்த ஊழியர், முல்லரேதான்!