ஒரு முறை குத்தினால் போதுமா? அம்மைப்பால் கண்ட டாக்டர் ஜென்னரின் கதை

இங்கிலாந்தில் கிளஸ்டர்ஷயர் என்று ஒரு மாவட்டம். பசுக்கள் நிறைந்த பகுதி. அங்கே பர்க்கிலி என்ற சிற்றூரில், 1749-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி எட்வர்ட் ஜென்னர் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். ஜென்னருக்கு ஐந்து வயதானபோது தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்துவிட்டனர். அண்ணன்தான் அவரை வளர்த்தார்.

அந்தக் காலத்தில் உலகத்தை ஆட்டிப்படைத்த நோய் வைசூரி என்னும் பெரியம்மை. அது கண்டவர்களில் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்களின் முகம் தழும்பேறியது. சிலருக்குக் கண்ணே போயிற்று. குடிசை, அரண்மனை என்ற வேற்றுமை அதற்குக் கிடையாது. பிரான்ஸ் மன்னர் 15-ம் லூயி 64 வயதில் வைசூரி கண்டு 1774-ல் இறந்தார்.

லாயத்தில் அடைபட்ட சிறுவன்

வைசூரியைத் தடுக்க அன்று ஒரே ஒரு வழி இருந்தது. நோய் கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, நல்ல உடம்பில் கீறி ஏற்றுவார்கள். அம்மை லேசாகப் போட்டு இறங்கும். பிறகு வராது. ஆனால் சிலருக்கு அதுவே முற்றி உயிரைக் குடித்துவிடும். அவரிடமிருந்து ஊருக்கும் பரவும்.

ஜென்னருக்கு எட்டு வயதில் இதைச் செய்தார்கள். அதற்கு முன்பு பல நாள் அரை வயிற்றுக்குத்தான் சாப்பாடு. பேதிக்குக் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பிறகு மற்றச் சிறுவர்களோடு ஒரு குதிரை லாயத்தில் அடைத்து வைத்தார்கள். சிறுவன் பிழைத்தான். பட்ட பாட்டை மட்டும் ஆயுள் முழுவதும் அவரால் மறக்க முடியவில்லை.

ஜென்னர் இளமையிலேயே ஒரு வைத்தியரிடம் தொழில் பழகினார். 21 வயதில் லண்டனுக்குச் சென்று, ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற டாக்டரிடம் பயின்றார். லண்டனிலேயே தங்கிப் பணம் சேர்த்திருக்கலாம். ஆனால் அவர் சொந்த ஊருக்கே திரும்பி, குதிரை ஏறிக் கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் பார்த்தார்.

பால் கறக்கும் பெண்

பசுவின் மடியில் கொப்புளம் வரும் ஒரு நோய் உண்டு. அது பசுவம்மை. பால் கறப்பவரின் கையிலும் அது தொற்றும். நாலு நாள் காய்ச்சல், பிறகு குணம். அப்படிப் பசுவம்மை வந்தவர்களை வைசூரி அண்டாது என்று அந்த வட்டாரத்து ஜனங்கள் பேசிக்கொள்வார்கள். படித்த வைத்தியர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜென்னர் போட்டுக்கொண்டார். ஆண்டுக்கணக்காக விசாரித்துக் குறிப்பு எழுதினார்.

1796-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி. சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையில் பசுவம்மைக் கொப்புளம். ஜென்னர் அதிலிருந்து பால் எடுத்தார். தம் தோட்டக்காரரின் மகன் ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறி ஏற்றினார். சிறுவனுக்கு லேசான காய்ச்சல் வந்து போயிற்று.

ஜூலை முதல் தேதி, அதே சிறுவனுக்கு வைசூரிச் சீழையே ஏற்றினார்! இன்று எந்த டாக்டரும் இப்படி ஒரு குழந்தையிடம் சோதித்துப் பார்க்க முடியாது; சட்டம் விடாது. நல்ல வேளை, பிப்ஸுக்கு வைசூரி வரவில்லை.

1798-ல் ஜென்னர் தம் சொந்தச் செலவில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். பசுவம்மைப் பால் குத்திக்கொண்டவருக்கு ஆயுள் முழுவதும் வைசூரி பயம் இல்லை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

அம்மைப்பால் உலகைச் சுற்றியது. இந்தியாவில் 1802-ம் ஆண்டு ஜூன் மாதம் 14-ந் தேதி, பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாக அம்மை குத்தினார்கள். அந்தக் குழந்தையின் கையிலிருந்து தொடர்ந்த அம்மைப்பால் சென்னைக்கும் இலங்கைக்கும் வந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஜென்னருக்கு 1802-ல் 10 ஆயிரம் பவுனும், 1807-ல் 20 ஆயிரம் பவுனும் கொடுத்தது. ஏழைகளுக்கு அவர் தம் தோட்டத்துக் குடிசையிலேயே காசு வாங்காமல் அம்மை குத்தினார்.

பிரபுவின் மகன்

1810-ல் ஜென்னரின் மூத்த மகன் காசநோயால் இறந்தான். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அடுத்த இடி விழுந்தது.

லண்டனில் குரோவ்னர் பிரபு என்று ஒரு பெருஞ்செல்வர். அவருடைய மகன் ராபர்ட்டுக்கு, கைக்குழந்தையாக இருந்தபோது ஜென்னரே தம் கையால் அம்மை குத்தியிருந்தார். 1811-ல் பத்து வயதான அந்தச் சிறுவனுக்கு வைசூரி கண்டது! சிறுவன் பிழைத்து எழுந்து, 92 வயது வரை வாழ்ந்தார். ஆனால் நாடெங்கும் ஒரே பேச்சு. ஜென்னரின் எதிரிகளுக்குக் கொண்டாட்டம்.

வைசூரி வந்தவருக்கே மறுபடியும் அபூர்வமாக வருவது உண்டே என்று ஜென்னர் வாதாடினார். அது உண்மைதான். சரியாகக் குத்தாததே பல இடங்களில் தவறுக்குக் காரணம் என்றும் சொன்னார். அதிலும் உண்மை இருந்தது. ஆனால் முழு உண்மை வேறு. குத்திய அம்மைப்பாலின் பலம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. பெரியவர்கள் மறுபடி குத்திக்கொள்ள வேண்டும். தம் கண்டுபிடிப்பின் மீது வைத்த அன்பினால் அவர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

1815-ல் மனைவியும் காசநோயால் மறைந்தார். 1823-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, 73-வது வயதில் ஜென்னர் காலமானார். சவ ஊர்வலத்தில் ஜேம்ஸ் பிப்ஸும் இருந்தார். அவர் குடியிருக்க வாடகை இல்லாமல் ஒரு வீட்டை ஜென்னர் கொடுத்திருந்தார்.

இரண்டாம் முறை

ஜென்னர் ஒப்புக்கொள்ளாததை ஜெர்மானியர்கள் கண்டுகொண்டனர். பிரஷ்ய நாட்டுப் படையில் சேரும் வாலிபர்களுக்கு 1834 முதல் மறுபடி அம்மை குத்தினார்கள். சின்ன வயதில் குத்தியிருக்கிறதே என்று யாரையும் விட்டுவிடவில்லை.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. இரண்டு நாட்டிலும் வைசூரி பரவியது. பிரெஞ்சுப் படையில் ஆயிரக்கணக்கானோர் வைசூரிக்குப் பலியானார்கள். ஜெர்மன் படையில் இறந்தவர்கள் சில நூறு பேர்தான். 1874-ல் ஜெர்மனியில் சட்டமே வந்தது. குழந்தைக்கு ஒரு முறை, 12 வயதில் மறு முறை. பிற்காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளின் அம்மை குத்திய சான்றிதழ் மூன்று ஆண்டுதான் செல்லும் என்று ஆயிற்று.

நம் ஊர்த் தாத்தா, பாட்டிகளின் கையில் சிலருக்கு இரண்டு மூன்று வடுக்கள் தெரியும். ஒன்று தொட்டில் பருவத்தில் குத்தியது. மற்றவை பிறகு குத்தியவை.

வைசூரிக்கு மட்டும் உள்ள சங்கதி அல்ல இது. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று டாக்டர் கேட்கிறார் அல்லவா? இரணஜன்னிக்குப் போட்ட ஊசியின் பலமும் நாளடைவில் குறையும். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை அதைப் போடச் சொல்கிறார்கள். புளூ காய்ச்சலுக்கான ஊசியோ ஆண்டுதோறும் போட வேண்டியது; அந்தக் கிருமி அடிக்கடி உருமாறிவிடும்.

கடைசி நோயாளி

ஜென்னர் தொடங்கிய வேலை முடிந்த இடம் ஆப்பிரிக்காவில் சோமாலியா. 1977-ம் ஆண்டு, மெர்க்கா என்ற ஊரில் இரண்டு வைசூரி நோயாளிகளை வண்டியில் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஏறிக்கொண்டவர் அலி மாவ் மாலின் என்ற 23 வயது வாலிபர். ஆஸ்பத்திரிச் சமையற்காரர். வண்டியில் இருந்தது சில நிமிஷம்தான்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தும், வலிக்கும் என்று பயந்து அவர் ஊசி போடாமல் தப்பித்திருந்தார். அக்டோபர் மாதம் அவருக்கு வைசூரி கண்டது. பிழைத்துக்கொண்டார். தொற்றிப் பரவிய வைசூரியில் அவரே உலகின் கடைசி நோயாளி. 1980-ல் வைசூரி ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மாலின் பிற்காலத்தில் வீடு வீடாகப் போய்ப் போலியோ தடுப்பு வேலை செய்தார். தாம் ஊசிக்குப் பயந்து பட்ட பாட்டையே தாய்மார்களிடம் சொல்லுவார். 2013-ல் அந்த வேலையில் இருக்கும்போதே காய்ச்சல் கண்டு இறந்தார்.