புற்றுநோயை எதிர்த்த புதுக்கோட்டைப் பெண்மணி

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். மகாராசா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது எதிர்ப்புப் பலமாக எழுந்தது. பெண் என்பது ஒரு குற்றம். தேவதாசி குலத்துத் தாயின் மகள் என்பது மற்றொன்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் துணிந்து இடமளித்தார். மாணவரும் மாணவியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் நமக்கு அன்றைய நிலை எளிதில் விளங்காது.

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சட்டசபையின் துணைத் தலைவரானதும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், அவ்வை இல்லம் கண்டதும் யாவரும் அறிந்தவை. நான் சொல்ல வந்தது வேறு.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் தமக்கையால் காப்பாற்ற முடியவில்லை! அந்தத் துயரம் அவரை விடவேயில்லை. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டார். எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்பதே பலருடைய எண்ணமாயிருந்தது. அம்மையார் தளரவில்லை, நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்தது. இருந்தவை 12 படுக்கைகளே. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர்.

அன்று கத்தியும் கதிர்வீச்சுமே பெரிய ஆயுதங்கள். லேசர் ஒளி பிறந்ததோ 1960இல்தான். இன்று அதைக் கொண்டும் கட்டியைச் சுட்டழிக்க ஆராய்கிறார்கள். இண்டோசயனின் பச்சை என்னும் சாயத்தைக் கட்டிக்குள் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சினால், சாயம் ஒளியை உண்டு வெப்பமாக்குகிறது. கட்டி வேகிறது, சாயம் ஏறாத தசை அவ்வளவு சூடேறுவதில்லை. வெயிலில் வெள்ளைத் துணியைவிடக் கறுப்புத் துணி அதிகம் சுடுவதில்லையா, அதுபோலத்தான். பட்டுக்குச் சாயமேற்றும் காஞ்சி நாட்டாருக்குச் சாயம் புதிதன்று. அது மருந்தாவதுதான் புதிது.

1968 சூலை 22ஆம் நாள் அம்மையார் மறைந்தார். ஏழு மாதத்திற்குள், 1969 பிப்ரவரி 3ஆம் நாள், காஞ்சி தந்த அறிஞர் அண்ணாவையும் அதே நோய் கொண்டுபோயிற்று. அவர் பெயரால் காரப்பேட்டையில் அமைந்த புற்றுநோய் மருத்துவமனைக்கு உத்திரமேரூரிலிருந்து பேருந்திலேயே போய்விடலாம்.