எரித்தழித்த பெற்றோலில் குணங்கண்ட சேர் ஹரி ரிக்கார்டோ

ஆகாய விமானத்தின் வரலாற்றைக் கூறுவோர் அதைச் செலுத்திய வீரரைப் புகழ்வர். சிறகமைத்த நிபுணரைப் புகழ்வர். எஞ்சினுக்குள் எரியும் பெற்றோலை ஆராய்ந்தவரை நினைப்போர் சிலரே. அவ்வாறு நினைக்கத்தக்க பேரறிஞர் சேர் ஹரி ரிக்கார்டோ.

1885 ஜனவரி 26ஆம் நாள் லண்டனில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பயின்றார். கால் கேலன் பெற்றோலில் அதிக தூரம் ஓடும் வண்டிக்கு வெற்றி என 1904இல் அங்கு ஒரு போட்டி நடந்தது. தாமே அமைத்த மோட்டார் சைக்கிளில் 40 மைல் ஓடி ரிக்கார்டோ வென்றார். பேராசிரியர் ஹாப்கின்சன் அவரை எஞ்சின் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தினார்.

அக்கால எஞ்சின்களைப் பெரும் நோயொன்று பீடித்திருந்தது. வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தைக்கு ஏறும் பாதை போன்ற ஏற்றங்களில் பாரமேற்றிய பெற்றோல் வாகனம் திணறும்போது, எஞ்சினுள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுவதுண்டு. தீப்பொறியின் சுவாலை பரவி வந்து சேருமுன்பே, எஞ்சியுள்ள பெற்றோலாவி அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே வெடிப்பதால் உண்டாவது அது. அழுத்தத்தைக் கூட்டினால் பலம் கூடும். ஆனால் தட்டலும் கூடிப் பிஸ்டனையே உடைத்துவிடும். இதற்கு எரிபொருளின் இயல்பே முக்கிய காரணமென ரிக்கார்டோ சோதனைகளால் நிறுவினார்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஷெல் கம்பெனியின் பலவகைப் பெற்றோல்களை அவர் சோதித்தார். போர்னியோத் தீவின் பெற்றோல் மற்றவற்றிலும் அதிக அழுத்தத்தைத் தாங்கியது. அதையோ, அடர்த்தி மிகுந்தது, விலைபோகாது என்று காட்டிலே எரித்து அழித்துக்கொண்டிருந்தனர்! அதிலிருந்த தொலுயீன் முதலியனவே தட்டலைத் தடுத்தன என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஷெல்லின் ஆதரவுடன் ஷோரம் நகரிலிருந்த தம் ஆய்வுசாலையில், ஓடும்போதே அழுத்தத்தை மாற்றத்தக்க எஞ்சினை அமைத்து எரிபொருள்களைத் தரம் பிரித்தார். இத்தகைய ஆராய்ச்சிகளின் வழியிலேயே 1920களில் ஒக்டேன் அளவு பிறந்தது. 1940இல் பிரித்தானியப் போர் விமானங்கள் 100 ஒக்டேன் பெற்றோலால் கூடுதல் பலம் பெற்றன. பிரிஸ்டல் ஹெர்குலீஸ் விமான எஞ்சினில் அமைந்த உறை வால்வு முறையை வளர்த்தோருள்ளும் இவர் ஒருவர். 1929இல் றோயல் சங்க உறுப்பினராகி, 1948இல் சேர் பட்டம் பெற்று, 1974 மே 18ஆம் நாள் தமது 89ஆம் வயதில் மறைந்தார்.

அளவுகோல் பிழையாயின் அரும்பொருளும் குப்பையாகிவிடும். தோட்டத்துப் பிள்ளையென எவரேனும் எடைபோட்டு ஒதுக்கினால், வாலிபர்களே, போர்னியோப் பெற்றோலை நினைவிற் கொள்ளுங்கள். பெரியோர்களே, சோதித்துப் பாராமல் எப்பிள்ளையின் கல்வியையும் நிறுத்திவிடாதீர்கள்.