கச்சியப்ப சிவாசாரியரும் கந்தபுராணங் கேட்போர் கண்ணீரும்

புராணங் கேட்டுக் கண்ணீர் விடுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. கண்ணப்ப நாயனார் தம் கண்ணை இடந்தப்பிய இடம் வருங்கால் அழாத அவை இல்லை. திருவாசகத்தை மனமொன்றி ஓதுவார் கண் கலங்காது ஓதி முடித்தல் அரிது. அக்கண்ணீர் அடியார்பொருட்டும் ஆண்டவன்பொருட்டும் வருவதாதலின், அதற்குக் காரணங் கூறவேண்டா. ஆயின், இறைவனோடு மாறுபட்டுப் போர்செய்த அவுணர்பொருட்டும் சைவர் கண்ணீர் விடும்படி ஒரு நூல் செய்தார் ஒருவர். அவர் அவ்விறைவன் திருமேனியை நாடோறுந் தீண்டிப் பூசித்த அருச்சகர். அவருடைய சரித்திரமே ஈண்டு எழுதப்படுவது.

காஞ்சிமாநகரிலே திருவேகம்பத்துக்கும் காமகோட்டத்துக்கும் இடையில் உள்ளது குமரகோட்டம். அம்மையப்பர்க்கு நடுவே குமரன் வீற்றிருத்தலால், மூன்று கோயில்களையும் ஒருங்குவைத்துச் சோமாஸ்கந்த மூர்த்தமாகக் காண்பர் பெரியோர். இங்கே மூலத்தானத்துப் பெருமான் கமண்டலமும் அக்கமாலையுந் தாங்கியிருப்பர். பிரணவப்பொருள் அறியாத பிரமனைச் சிறையிலிட்டுப் படைத்தற்றொழிலைத் தாமே மேற்கொண்ட திருக்கோலம் அது. இத்திருக்கோயிலில் வழிவழித் தொண்டு பூண்ட ஆதிசைவர் குலத்திலே, காளத்தியப்ப சிவாசாரியருக்குப் புதல்வராகக் கச்சியப்பர் தோன்றினார். வடமொழி, தென்மொழி, சிவாகமம் என்னும் மூன்றிலும் வல்லுநராய்த் தந்தையார்க்குப்பின் பூசைக்கு உரிமை பெற்றார்.

இவர் காலத்தைப்பற்றி ஆராய்ச்சியாளர் பலவாறு கூறுவர். இவர் நூலின் அரங்கேற்ற வரலாற்றிலே வீரசோழியம் வருகின்றது. அவ்விலக்கணம் 1063 முதல் 1070 வரை அரசாண்ட வீரராசேந்திர சோழன் காலத்துப் புத்தமித்திரனாராற் செய்யப்பட்டது. ஆகலின் அவ்வரலாற்றை உடன்படுவார் கச்சியப்பரை அக்காலத்துக்கு முற்பட்டவர் எனல் பொருந்தாது. இதற்குமேற் காலவாராய்ச்சியிற் புகுதல் எம் கருத்தன்று.

ஓரிரவு முருகப்பெருமான் கனவிலே தோன்றி, வடமொழிக் காந்தத்துச் சங்கரசங்கிதையின் சிவரகசிய கண்டத்திலுள்ள ஏழு காண்டங்களுள் முதலாறனையுந் தமிழிற் பாடுக என்று பணித்து, முதலடியையுந் தாமே எடுத்துக்கொடுத்தருளினர் என்பது பரம்பரைச் செய்தி. அன்றுதொட்டு இவர் நாளொன்றுக்கு நூறு செய்யுள் பாடி, அர்த்தசாம பூசை முடிந்தபின் ஏட்டையும் எழுத்தாணியையுந் திருவடியில் வைத்துத் திருக்காப்பிட்டு மீளுவர். விடியலில் நடைதிறந்து நோக்கின், வேண்டும் இடங்களிலே திருத்தங்கள் காணப்படும். இவ்வாறு உற்பத்தி காண்டம் முதலாகத் தக்க காண்டம் இறுதியாக ஆறு காண்டங்கள், 10,345 செய்யுட்களில் முற்றுப்பெற்றன.

பின்னர்க் குமரகோட்டத்திலேயே அரங்கேற்றந் தொடங்கிற்று. முதற்செய்யுளின் முதற்சொற்புணர்ச்சிக்கு இலக்கணவிதி யாது என்று அவையிலிருந்த ஒருவர் தடுத்தார். இறைவன் வாக்கு என்று இவர் கூற, அவ்வாறாயின் அவ்விறைவனே வந்து விதி கூறுக என்றார் அவர். கச்சியப்பர் அன்றிரவு உணவின்றிக் கிடந்தார். மறுநாள் சோணாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியச் சுவடியோடு அவைக்கு வந்து விதி காட்டினார். காட்டியவர் பின்பு காணப்பட்டிலர். வந்தவர் முருகப்பெருமானே என்று அவை தெளிந்தது. அரங்கேற்றம் ஓராண்டு நடந்து நிறைவுற, தொண்டைமண்டலத்துப் பெருமக்கள் நூலையும் ஆசிரியரையுஞ் சிவிகையில் ஏற்றி வீதிவலஞ் செய்வித்தனர்.

இனி, அந்நூல் கண்ணீர் வருவிக்கும் இடங்களைக் காண்போம். இந்திரன் மகனாகிய சயந்தன் சிறையிற்கிடந்து புலம்புமிடத்துக் கேட்போர் கலங்குதல் இயல்பே. சிறையிட்ட சூரபன்மன் மகனையிழந்து அழும்பொழுதும் அவர் கண்களே கலங்குகின்றனவே, அதுதான் வியப்பு. வீரவாகுதேவராற் பானுகோபன் மடிந்தான் என்னுஞ் செய்தி வந்தபோது, அண்டங்களை ஆண்டவன் மறைந்து தந்தை ஒருவனே அங்கே நிற்கின்றான். தேவரைச் சிறைவிடுக என்று பலகாலும் இடித்துரைத்த சிங்கமுகன், தன் சொல் ஏறாமை கண்டும் தமையனைப் பிரியமாட்டாது, தோற்பது தெரிந்தே போர்க்களம் புகுந்து மாள்கின்றான். இவற்றினும் எம்மை உருக்குவது இரணியன் வரலாறு. சூரன் மக்களுள் ஒருவனாகிய இவன் தந்தைக்கு அறம் உரைத்தான், தந்தை கேட்டிலன். பொருது தோற்றபின், தந்தை இறத்தல் ஒருதலை, நீர்க்கடன் செய்தற்கு ஒரு மகனாவது எஞ்சவேண்டும் என்றெண்ணி, மீனுருக்கொண்டு கடலிற் கரந்தான். உயிருக்கு அஞ்சி ஓடினான் என்று உலகம் இகழும் என்பதை அவன் அறியாதவனல்லன்.

யாம் இளமையிற் பாடங்கேட்ட பெரியவர் ஒருவர், சூரன் புலம்பும் இடங்களைச் சொல்லாது ஏடு புரட்டிவிடுவர். அசுரன்பொருட்டு அழுதல் சிவாபராதம் என்பது அவர் கொள்கை. யாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேம். பின்னர் ஒருநாள் குமரகோட்டத்துச் சந்நிதியில் நின்றபோது வேறொன்று தோன்றிற்று. நாடோறும் நூறு செய்யுள் வைத்த ஏடுகளில் இப்புலம்பல்களும் இருந்தனவன்றோ? எழுத்துப்பிழையையுந் திருத்திய அத்திருக்கை இவற்றை அடித்திலதே. பகைவன் அழுகையைத் தம் திருவடியில் வைத்த அருச்சகரைப் பெருமான் முனிந்திலர்.

சித்தாந்தத்துக்கும் இது மாறுபடுவதன்று. சூரபன்மன் விசுவரூபங் கண்ட கணத்திலே பகைமை நீங்கி, ஆயிரங்கண் வேண்டுமென்று அவாவுவான்போல நின்று துதிக்கின்றான். பெருமான் அவ்வுருவத்தைக் கரந்தவுடன் மலம் மீண்டும் மூடுகின்றது. ஆணவம் நித்தப்பொருளாதலின் கெடுவது அதன் சத்தியே, உயிர் கெடுவதில்லை. மாமரமாய் நின்றவனை வேல் இருகூறாக்கியதும், அக்கூறுகள் மயிலுஞ் சேவலுமாய் ஊர்தியுங் கொடியுமானதும் மறக்கருணை என்று நம்மாசிரியர் கூறுவர். இறைவனே கைவிடாத உயிரின்பொருட்டு அடியவன் இரங்குதல் எங்ஙனம் அபராதமாகும்? அவன் செயலை உடன்படுதல் வேறு, அவனுக்கு இரங்குதல் வேறு. சயந்தன் துயரை முன்னே வைத்துச் சூரன் துயரைப் பின்னே வைத்த முறையால் கச்சியப்பர் இவ்விரண்டையும் பிரித்துக்காட்டினார்.

இந்திரசித்தை இழந்த இராவணன் புலம்பலைக் கம்பரிற் கண்டு அதனையே இவர் பின்பற்றினார் என்பாரும் உளர். ஒப்புமை உண்டு; மறுக்கவில்லை. ஆயின் இராவணன் மாண்டொழிந்தான், சூரன் ஆட்கொள்ளப்பட்டான். முடிவு வேறாதலின் கண்ணீரின் சுவையும் வேறு.

எஞ்சிய உபதேச காண்டத்தைக் கோனேரியப்பர் பின்னர்த் தமிழிற் பாடினார். ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன்சொல்லும் முறையால் யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராணம் வீட்டுநூல்போல வேரூன்றிற்று.

காஞ்சியிலே தறிநெய்யுஞ் செங்குந்தர், வீரவாகு முதலிய நவவீரர் வழிவந்தோர் தாம் என்று கூறிக்கொள்பவர். பல்லாண்டுகட்கு முன் ஒரு சட்டிவிழாவில் யாம் பயன்சொன்னபோது, அம்மரபினராகிய முதியவர் ஒருவர் பட்டுநூற்சாயம் படிந்த விரல்களோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். வீரவாகுதேவர் பானுகோபனை வென்ற இடத்திலே தம் முன்னோர் வெற்றியென்று அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் இரணியன் கடலிற் கரந்த இடம் வந்தது. மேற்றுண்டால் முகத்தை மூடிக்கொண்டார். யாம் அடுத்த செய்யுளுக்குச் செல்லச் சிறிது பொழுதாயிற்று.