நெர்ன்ஸ்ட் ஏற்றிய விளக்கு

ஜெர்மன் அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட், 1864-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் பிரீசன் என்னும் ஊரிற் பிறந்தார். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராய் விளங்கிய காலத்தே, 1897-இல் புதுவகை மின்விளக்கொன்றை ஆக்கினார்.

அந்நாளைய விளக்குகளில் ஒளிர்ந்தது கரியிழை. காற்றுப்படின் அஃது எரிந்தழியும். ஆதலின் காற்றகற்றிய குமிழுள் அடைத்தனர். நெர்ன்ஸ்டோ, சிர்க்கோனியம், இட்ரியம் என்னும் உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து சிறு கோலாக்கிச் சுட்டார். முன்னரே உயிர்வளியோடு கூடிய பொருள் மீண்டும் எரியுமோ? திறந்த வெளியிலேயே அது வெண்ணொளி வீசியது. குளிர்ந்த நிலையில் மின்சாரத்தைத் தடுக்கும் அக்கோல், நன்கு காய்ந்தபின் வழிவிடும். இதுவே வியப்பு.

ஏ.இ.ஜி. நிறுவனம் பெரும்பொருள் தந்து உரிமையைப் பெற்றது. எனினும், கோல் காயுமளவும் காத்திருத்தல் வேண்டும். டங்ஸ்டன் இழை வந்ததும் இவ்விளக்கு வழக்கொழிந்தது.

முதல் உலகப் போரில் தம் மைந்தர் இருவரையும் நெர்ன்ஸ்ட் இழந்தார். வெப்பவேதியியல் ஆராய்ச்சிக்காக 1920-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவரை அடைந்தபோது, கண்டு மகிழ அவ்விருவரும் இலர்.

விளக்கு மறைந்தும் கலவை மறைந்திலது. 1937-இல் சுவிட்சர்லாந்தில் பௌர், பிரைஸ் என்போர் இவ்வகைச் சுடுபொருளால் எரிபொருள் மின்கலம் அமைத்தனர். சுவரின் ஒருபுறம் காற்று, மறுபுறம் எரிபொருள். காற்றிலுள்ள உயிர்வளி அயனியாகிச் சுவரினூடே செல்ல, மின்சாரம் புறக்கம்பி வழியே பாயும்.

1941-இல் நெர்ன்ஸ்ட் மறைந்தார். படிகத்துள் உயிர்வளிக்குரிய இடங்கள் சில வெறுமையாய் இருத்தலால், அயனிகள் அவற்றிலே தாவித் தாவிச் செல்கின்றன என்று கார்ல் வாக்னர் விளக்கியது 1943-இல்.