முதல் விமானிகளுள் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி
இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

பள்ளிகளுக்கிடையே நடைபெறும் சுப்ரதோ கோப்பைக் கால்பந்துப் போட்டியை நம்மில் பலர் அறிவோம். அந்தப் பெயருக்கு உரியவர் இந்திய விமானப்படையின் தந்தை எனப் போற்றப்படும் ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் 1911-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் ஐ.சி.எஸ். அதிகாரி. இந்தியர்களால் போர் விமானம் ஓட்ட முடியுமா என்று ஆங்கிலேயர் ஐயுற்ற காலம் அது. அந்த ஐயத்திற்கு விடை சொல்ல ஆறு இளைஞர்கள் இங்கிலாந்திலுள்ள கிரான்வெல் கல்லூரிக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவர் முகர்ஜி. அவர் தவறியிருந்தால் தவறு அவருடையதாக மட்டும் எண்ணப்பட்டிருக்காது. இந்தியர் அனைவருடையதாகவும் எண்ணப்பட்டிருக்கும்.

1932 அக்டோபர் 8-இல் இந்திய விமானப்படை பிறந்தது. 1933 ஏப்ரல் 1-இல் கராச்சியில், டிரிக் ரோடு என்னுமிடத்தில், அதன் முதலாம் ஸ்குவாட்ரன் தொடங்கியது. இருந்தவை நான்கே வாபிட்டி விமானங்கள். அதிகாரிகளும் ஊழியர்களும் ஒரு கல்லூரி வகுப்பறைக்குள் அடங்கிவிடுவர். அந்தச் சிறு அணியே படையாகவும் பயிற்சிக்கூடமாகவும் விளங்கியது. உடன் பயின்ற இருவர் விபத்தில் மாண்டனர். மற்றொருவர் படையை விட்டு விலகினார். முகர்ஜி மனம் தளரவில்லை.

1939-இல் அந்த ஸ்குவாட்ரனுக்கே அவர் தலைவரானார். ஸ்குவாட்ரன் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1940-இல் வடமேற்கு எல்லையில் நம் வீரர்கள் சிலர் பகைவரிடையே சிக்கிக் குண்டுகள் தீர்ந்து தவித்தனர். மேலே பறந்த முகர்ஜி தம் விமானத் துப்பாக்கியின் குண்டுகளை எடுக்கச் செய்து, காலுறைகளில் கட்டித் தாழப் பறந்து அவர்களிடம் போட்டார். அவசரத்திலும் அறிவு கலங்காமை இதுவன்றோ!

1943-இல் கோகாட் விமானத் தளத்தின் தலைவரானார். அப்பதவியிலும் அவரே முதல் இந்தியர். நாடு விடுதலை பெற்ற பின்னர் மூன்று ஆங்கிலேயத் தளபதிகளின் கீழ்த் துணைத் தளபதியாகப் பணிபுரிந்தார். 1954 ஏப்ரல் 1-இல் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்றார். நான்கு விமானங்களுடன் தொடங்கிய படைக்கு அவர் காலத்தில் ஹண்டர், கான்பெர்ரா முதலிய ஜெட் விமானங்கள் வந்து சேர்ந்தன.

அதே 1954-இல், விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி அம்பாலாவிலிருந்து நம் தாம்பரத்திற்கு வந்தது. கற்றவன் ஆசிரியனாகி, அவன் மேலும் பலரை உருவாக்கினால்தானே ஒரு படை வளரும்! இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம். அதை ஓட்டும் கையை ஆண்டுக்கணக்கில் பழக்கித்தான் பெற வேண்டும்.

1960 நவம்பர் 8-இல் டோக்கியோ நகரில் உணவருந்தும்போது உணவு மூச்சுக்குழலில் அடைத்து, 49 வயதிலேயே அவர் காலமானார். அவர் வளர்த்த படை இன்று நம் தஞ்சைக்கும் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் கால விமானத் திடல் 2013-இல் விமானப்படைத் தளமாயிற்று. 2020-இல் சுகோய் விமானங்களைக் கொண்ட 222-ஆம் ஸ்குவாட்ரன் இங்கு நிலைபெற்றது. அவை இரைந்து செல்கையில் நாற்று நடும் பெண்கள் நிமிர்ந்து பார்க்கின்றனர்.

முகர்ஜி செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளை. என் தந்தையாரோ குறுவைக்கும் சம்பாவுக்கும் பிறர் வயலில் உழைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆயினும் முதலில் செல்பவனின் சுமை எனக்கும் விளங்குகிறது. நான் தோற்றால், படிப்பெல்லாம் நமக்கு எதற்கு என்று என் தங்கையின் படிப்பை நிறுத்தப் பலர் காத்திருக்கின்றனர். முதலில் நுழைந்தவன் கதவைத் தனக்குப் பின் சாத்திவிடக் கூடாது என்பதே முகர்ஜியின் வாழ்க்கையிலிருந்து நான் கற்ற பாடம். மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களுள் ஒருத்திக்கு விமானி ஆக வேண்டுமாம். வானம் அவளுக்கும் உரியதுதானே!