ஜேம்ஸ் ஹார்னெல்

மன்னார்க் கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்றனர் முத்துக்குளிப்போர். அங்குச் சிப்பி விளைந்தால் அவர்க்கு வாழ்வு, இன்றேல் வறுமை என்றிருந்தது.

1891-க்குப் பின் இலங்கைக் கரையில் பத்தாண்டுகளுக்கு மேல் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காரணம் காண 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மனுடன் இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ஹெர்ட்மன் விரைவில் தாயகம் மீண்டார், ஹார்னெலோ தங்கிவிட்டார். பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் எண்ணிறந்தனவாய்த் தோன்றும்; பின்னர் அடியோடு மறையும். ஒருமுறை நோக்கி இதனை அறிதல் இயலுமோ? அவர் அதே பார்களுக்குப் பன்முறை சென்று, மணலையும் நீரோட்டத்தையும் சிப்பியுண்ணும் மீன்களையும் ஆராய்ந்தார். தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பே பெரும்பகையெனத் தெரிந்தது. இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்திடுமாறு இருவரும் அறிவுறுத்தினர்.

பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் பணியேற்ற ஹார்னெல், 1914-இல் சங்கைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். சங்கு கடலோரத்தோடு நிற்பதன்று; கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் பழைய சங்கு வளையல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அத்துறையின் இயக்குநராகவும் உயர்ந்த ஹார்னெல் 1949-இல் மறைந்தார்.